ஒரு படம் பார்த்துவிட்டு வேலையை விடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது: கோவையில் ஐ.டி. வேலை, வயது முப்பத்து நான்கு. 'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. வேலையை விட்டுவிட்டுக் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் இடம் வாங்கி எளிமையாக வாழலாம் என்று தோன்றுகிறது. மனைவிக்கு இதில் விருப்பமில்லை. இப்படி வாழ்க்கையையே கேள்வி கேட்கவைக்கும் படங்கள் இன்னும் எவை, அவற்றைப் பார்த்து நிஜமாகவே யாராவது மாறியிருக்கிறார்களா, மனைவியின் மனதை மாற்ற எந்தப் படம் உதவும் என்று கேட்கிறீர்கள். பார்த்தால் பட்டியல் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் அடியில் இருப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். படம் முடிந்து வாரங்கள் ஆகியும் அடங்காத அந்த உளைச்சலை நம்பி ஒரு பெரிய முடிவை எடுக்கலாமா என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். படங்களின் பெயர்கள் போகிற போக்கில் வரும்.

நான் கோத்தகிரிக்காரன். புனேயில் நடக்கும் திரைப்பட ரசனைப் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் பல ஆண்டுகளாகப் படம் திரையிட்டு வருகிறேன். பள்ளிக்கூட ஹால், எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) முற்றம், ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களின் சமுதாயக்கூடம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. படம் முடிந்ததும் டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசுவோம். அந்தப் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். இதற்கு ஒரு எல்லை உண்டு: பேச உட்கார்ந்தவர்களைத்தான் நான் அறிவேன். படம் முடிந்ததும் டார்ச்சை அடித்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனவர்களுக்குள் என்ன நடந்தது என்பது என் கணக்கில் வராது. ஒருவேளை அவர்களைத்தான் படம் அதிகம் தொட்டிருக்கலாம்.

முதலில் உங்களைக் கலைத்த படத்தையே எடுத்துக்கொள்வோம். விம் வெண்டர்ஸ் எடுத்து 2023இல் வந்த படம். ஹிராயாமா டோக்கியோவில் பொதுக்கழிப்பறைகளைக் கழுவுகிற ஆள். விடியற்காலையில் தெருப் பெருக்கும் சத்தத்தில் எழுகிறார், சின்னத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார், எந்திரத்தில் காசு போட்டு டின் காபி எடுக்கிறார், வேனில் பழைய கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். மதியம் மரத்தடியில் சாண்ட்விச், இலைகளுக்கு நடுவே விழும் வெளிச்சத்தை ஒரு பழைய கேமராவில் ஒரு படம். கோஜி யாகுஷோவுக்கு இந்த நடிப்புக்காகக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதர் ஊரை விட்டுப் போகவில்லை. உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றின் நடுவில், ஹைவேக்குப் பக்கத்தில் ஓடும் வாழ்க்கை அது. கழிப்பறையின் விளிம்புக்கு அடியில் சின்னக் கண்ணாடியை நீட்டி அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறாரே, அந்தக் கவனம்தான் அவருடைய நிம்மதி. கூட வேலை பார்க்கும் பையன் திடீரென்று நின்றுவிட, இரண்டு ஆள் வேலையையும் அவரே இரவுவரை பார்க்க வேண்டி வருகிறது. அன்று அந்த நிம்மதி உடைகிறது. போனில் கத்துகிறார், தினமும் இப்படி என்னால் முடியாது என்று. படத்திலேயே மிக உண்மையான இடம் அதுதான் என்பது என் எண்ணம். எளிமையான வாழ்க்கைக்கு ஆள் பலம், வேலை நேரம், சம்பளம் எல்லாம் வேண்டும் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. உங்கள் கடிதத்தில் மரம், வெளிச்சம், கேசட் எல்லாம் இருக்கின்றன. இந்தப் போன் காட்சி மட்டும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்வது நல்லது. டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் பெரிய கட்டடக் கலைஞர்களை வைத்துப் பதினேழு பொதுக்கழிப்பறைகளைக் கட்டினார்கள். அதைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கத்தான் வெண்டர்ஸை அழைத்தார்கள். அது முழுநீளப் படமாக வளர்ந்தது. அதனால்தான் படத்தில் வரும் கழிப்பறைகள் ஏற்கெனவே பளபளவென்று இருக்கின்றன. இதைச் சொல்வதால் படம் குறைந்துவிடாது. ஆனால் இதோடு சேர்த்து, திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தையும் பாருங்கள். 2017இல் வந்தது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இலேயே வந்துவிட்ட பிறகும் தமிழ்நாட்டில் அந்த வேலை எப்படி நடக்கிறது, யார் தலையில் விழுகிறது என்பதை நேருக்கு நேர் காட்டுகிற படம். பல ஊர்களில் திரையிடலையே தடுத்தார்கள், இயக்குநர் மேல் வழக்குகள் பாய்ந்தன. முதல் படம் 'நான் எப்படி வாழ்வது' என்று கேட்கவைக்கிறது. இரண்டாவது படம் 'என் வாழ்க்கை யாருடைய முதுகின் மேல் நடக்கிறது' என்று கேட்கவைக்கிறது. முதல் கேள்வி இனிமையானது, அதை எத்தனை நாள் வேண்டுமானாலும் மனதில் வைத்துப் பார்க்கலாம். இரண்டாவதோடு ஒரு ராத்திரி கழிப்பதே கஷ்டம். வாழ்க்கையைக் கேள்வி கேட்கவைக்கும் படம் என்று நான் சொல்வது இரண்டாவது வகையைத்தான். முதல் வகை மட்டும் போதும் என்று நின்றுவிட்டால், கேள்வி சீக்கிரமே ஆசையாக மாறிவிடும். அந்த ஆசை பெரும்பாலும் ஒரு இடத்தின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தமிழ் சினிமாவுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் நெடுங்காலமாகப் பாட்டுக்கான இடம். அது போகட்டும். ஒரு கேள்வியோடு வந்த படங்களுக்கும் இங்கே அதே கதிதான். 2024 பிப்ரவரியில் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் கொச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பிளவுக்குள் விழ, யாரும் இறங்கத் துணியாத அந்தக் குழிக்குள் இன்னொரு நண்பர் கயிறு கட்டி இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். படம் கேட்பது, உன் கூட்டாளிக்காக நீ எதுவரை போவாய் என்று. ஜனங்கள் போனது குணா குகைக்கு. அந்த ஆண்டுக் கோடையில் கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதற்கு அந்தப் படம் எவ்வளவு காரணம், கோடை வெயில் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் குகையைப் பார்க்க வந்த கூட்டம் படத்தால் வந்தது என்பதில் சந்தேகமில்லை.

முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் எடுத்த 'தி எலிபண்ட் விஸ்பரர்ஸ்' இன்னும் நெருக்கமான உதாரணம். கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த படம், 2023 மார்ச்சில் சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும் தாயைப் பிரிந்த யானைக் குட்டிகளான ரகுவையும் அம்முவையும் வளர்ப்பதுதான் படம். காட்டுக்குள் பிறந்து, காட்டைத் தெரிந்து, காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்குக் காட்டில் என்ன இடம் என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. விருது வந்த பிறகு தெப்பக்காட்டுக்கு வண்டி வண்டியாக ஆள் வந்தார்கள், ரகுவோடு படம் எடுத்துக்கொள்ள. அதே முதுமலைக்குப் பக்கத்தில் சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் இருக்கலாமா என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர், நாம் தங்கும் அறை யானையின் வழியில் இருக்கிறதா என்று விசாரித்தார்கள்? எனக்குத் தெரிந்து பக்கத்து மசினகுடியில் அறை கேட்டவர்கள் விசாரித்ததெல்லாம் வாடகையும் கேம்ப் ஃபயரும்தான். உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலில் 4,000, 6,000 என்று வரம்பும் வைத்தது. ஒரு படம் கிளப்பிய கேள்வி ஊர் பார்க்கும் ஆசையாக மாறும்போது அதன் சுமையைச் சுமப்பது மலைதான்.

வெளியூர் உதாரணம் ஒன்று, இதைவிடக் கொடியது. அமெரிக்காவில் எல்லாவற்றையும் உதறிவிட்டு அலாஸ்கா காட்டில் ஒரு பழைய பஸ்ஸில் தங்கி 1992இல் இறந்துபோன இளைஞனின் கதை முதலில் புத்தகமாகவும் 2007இல் 'இன்டு தி வைல்ட்' என்ற படமாகவும் வந்தது. அந்த பஸ்ஸைத் தேடிப் போனவர்களில் இருவர் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள், பலரை மீட்க வேண்டியிருந்தது. கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்து அந்த பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போனார்கள். படத்தின் முடிவில் அந்தப் பையன் வந்து சேரும் இடம், சந்தோஷம் பகிர்ந்துகொண்டால்தான் மெய்யாகும் என்பது. பஸ்ஸைத் தேடித் தனியாகப் போனவர்கள் அந்தப் படத்தைத்தான் பார்த்தார்களா என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, யாராவது நிஜமாக மாறியிருக்கிறார்களா? மாறியிருக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிற இடங்கள் உண்டு. சத்யஜித் ராய் 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போனபோது டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்து, படம்தான் எடுப்பது என்று முடிவு செய்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் 1947இலேயே நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியிருந்தார், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்குப் படமும் வரைந்திருந்தார். ஏற்கெனவே உள்ளே நிச்சயமாகியிருந்த காரியத்துக்கு அந்தப் படம் நாள் குறித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். படம் பார்த்து மாறினேன் என்று சொல்கிறவரிடம் கொஞ்ச நேரம் பேசினால், படத்துக்கு முந்தைய சில ஆண்டுகள் வெளியே வரும். இன்னொரு உறுதியான இடம் எரோல் மோரிஸின் 'தி தின் ப்ளூ லைன்'. செய்யாத கொலைக்காக டெக்சாஸில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுளாகக் குறைக்கப்பட்டுச் சிறையில் இருந்தவர், 1988இல் அந்தப் படம் வெளியே கொண்டுவந்த சாட்சியங்கள் வழியாக 1989இல் விடுதலையானார்.

சந்தேகத்துக்குரியவை இன்னும் அதிகம். 1999இல் கான் விழாவில் உயரிய விருது பெற்ற 'ரொசெட்டா', வேலை தேடி அல்லாடும் ஒரு பெண்ணின் கதை. அந்தப் படத்தால்தான் பெல்ஜியத்தில் இளைஞர் வேலைச் சட்டம் வந்தது என்று பலர் எழுதுவார்கள், சட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எடுத்த தார்தென் சகோதரர்களோ, சட்டம் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது என்று சொல்லிவிட்டார்கள். நம் கொடைக்கானலிலும் அப்படி ஒன்று உண்டு. 1980களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே கொட்டப்பட்டது தெரியவந்து 2001இல் ஆலை மூடப்பட்டது. 2015இல் ஒரு ராப் பாடல் வீடியோ இந்த விஷயத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தேதிகளை மட்டும் பார்த்தால் வீடியோதான் நியாயம் வாங்கிக் கொடுத்ததுபோல் இருக்கும். தொழிலாளர்களும் சூழலியலாளர்களும் பதினைந்து ஆண்டுகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்ற பிறகு வந்த வீடியோ அது. அது உதவியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். எவ்வளவு என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது.

ஆய்வு என்று பார்த்தால், தமிழ்நாடு உட்பட ஐந்து இடங்களின் கிராமப்புறங்களில் 2001 முதல் 2003 வரை எடுத்த தகவலை வைத்து ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. கேபிள் டிவி வந்த ஊர்களில் மனைவியை அடிப்பது சரி என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்தது என்றது அது. அதே தரவை மறுபடி அலசிய வேறு சிலர், முடிவுகள் சொன்ன அளவுக்கு உறுதியாக நிற்குமா என்று கேட்டார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அங்கே வேலை செய்தது ஒரு பெரிய படம் கிடையாது. தினமும் வீட்டுக்குள் வந்த சாதாரண சீரியல்கள். ஒரே ராத்திரியில் தலைகீழாக மாற்றும் படத்தைத் தேடுவதைவிட, சில படங்களோடு ஆண்டுக்கணக்கில் கூடவே இருப்பதுதான் பலன் தரும் என்று நான் நினைப்பதற்கு அது ஒரு சின்ன ஆதரவு.

எங்கள் திரையிடல்களில் நான் கண்டதையும் சொல்கிறேன். படம் யாரையும் நல்லவராக்கி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அதுவரை வாய்க்கு வராத ஒன்றை வரவழைக்கும். ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' போட்டோம், 1953ஆம் ஆண்டுப் படம். ஓனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வரும் வயதான அம்மா அப்பாவைப் பிள்ளைகள் யாரும் துரத்தவில்லை. எல்லோருக்கும் வேலை இருக்கிறது, அவ்வளவுதான். கடைசியில் காசைப் போட்டு அத்தாமிக்கு வெந்நீர் ஊற்று பார்க்க அனுப்பிவைக்கிறார்கள், அங்கே ராத்திரியெல்லாம் சத்தத்தில் அவர்களுக்குத் தூக்கமில்லை. படம் முடிந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் மெதுவாகப் போகிறது சார் என்றார்கள். பின்னால் இருந்த அரசு பஸ் டிரைவர் ஒருவர் ரொம்ப நேரம் கழித்து வாய் திறந்தார். "எங்க அம்மாவ மூணு மாசம் எங்க வீடு, மூணு மாசம் தம்பி வீடுன்னு வச்சிருக்கோம். துணிப்பைய இன்னும் பிரிச்சு பீரோவுல வைக்கவே இல்லைங்க அவங்க. வந்தா கட்டிலுக்கடியில அப்படியே இருக்கும். இன்னிக்குத்தான் அது ஏன்னு தோணுது." அதற்கப்புறம் அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையும் அல்ல.

இன்னொரு முறை அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லைன் ஒன்றில் 'மேற்குத் தொடர்ச்சி மலை' போட்டோம். அங்கே இருப்பவர்கள் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். லெனின் பாரதி எடுத்து 2018இல் வந்த படம். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாகத் துண்டு நிலம் வேண்டும். வாங்குகிறார், கடனில் இழக்கிறார், கடைசியில் தன் நிலமாக இருந்த இடத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறார். ஊருக்குள் படம் அழகாக இருக்கிறது, மலை அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். லைனில் அழகைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூட்டையை முதுகில் ஏற்றும் விதம் சரியாக இருக்கிறதா, அந்த ஏற்றத்தில் அவ்வளவு எடை போக முடியுமா என்று வயதானவர்கள் வாதாடினார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், ஓரமாக நின்றபடியே சொன்னான்: "நானும் காட்டேஜ்ல வாட்ச்மேன்தாங்க. அது எங்க தாத்தா கேரட்டும் முட்டைக்கோஸும் போட்ட எடம். பெங்களூர்க்காரங்க வாங்கினாங்க. நல்லவங்கதான், அமைதியா இருக்கணும்னு வந்தவங்க. மாசத்துல ரெண்டு நாள் வருவாங்க. மிச்ச நாள் கேட்ட நான் பூட்டித் திறக்கறேன்." உங்கள் கடிதத்தில் "கொஞ்சம் இடம் வாங்கி" என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்தப் பையன் ஞாபகம் வந்தான். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாமல் சிறு விவசாயிகளே விற்கத் துடிக்கிறார்கள், வாங்குகிறவர் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆவார்? ஆனால் எளிமையாக வாழ என்று ஒருவர் இங்கே வாங்கும் நிலம், இன்னொருவர் எளிமையாக வாழ்ந்துகொண்டிருந்த நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் இடம் பாருங்கள்.

உங்கள் நிலைக்கு நான் சொல்லும் ஒரே படம் என்று கேட்டால், குரோசாவாவின் 'இகிரு'. 1952. முப்பது ஆண்டுகளாக நகராட்சி அலுவலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த வத்தனபேவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிகிறது. முதலில் அவரும் உங்களைப்போலத்தான், இருக்கும் இடத்தை விட்டு வெளியே ஓடுகிறார். ராத்திரி முழுக்க மதுக்கடை, நடனம் என்று ஒரு எழுத்தாளரோடு சுற்றுகிறார். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு, அலுவலகத்தை விட்டுப்போய் பொம்மை செய்யும் ஆலையில் சேர்ந்த ஒரு இளம்பெண்ணின் சந்தோஷத்தைப் பார்த்து, அவள் பின்னாலேயே சுற்றுகிறார். ஒரு உணவுக்கடையில் அவள் மேசைமேல் சாவி கொடுத்த முயல் பொம்மையை ஓடவிட்டு, இதைச் செய்யும்போது நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகளோடும் விளையாடுவதுபோல் இருக்கிறது என்கிறாள், நீங்களும் ஏதாவது செய்யுங்களேன் என்கிறாள். அங்கே என்னால் என்ன செய்ய முடியும் என்று தலை குனிந்தவர் சட்டென்று நிமிர்கிறார், முடியும் என்கிறார். பொம்மையை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார். எங்கே? அதே அலுவலகத்துக்கு, அதே நாற்காலிக்கு. சாக்கடைத் தேக்கத்தை மூடிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் கட்டித் தரும்படி தாய்மார்கள் கொடுத்திருந்த மனு, மேசை மேசையாக அலைக்கழிக்கப்பட்ட அதே மனு, அங்கே கிடக்கிறது. அதைக் கையில் எடுக்கிறார்.

குரோசாவா அத்தோடு விடவில்லை என்பதுதான் அந்தப் படத்தின் பெருமை. அங்கிருந்து நேரே வத்தனபேயின் சாவு வீட்டுக்குப் படம் தாவுகிறது. சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே அவர் செய்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொள்கிறார்கள், அழுகிறார்கள், நாமும் இனி அப்படித்தான் என்று சபதம் போடுகிறார்கள். மறுநாள் அலுவலகத்தில் இன்னொரு மனு வருகிறது. வேறு பிரிவுக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரே ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார், எல்லோரும் பார்க்க, மெல்ல உட்கார்ந்து காகிதக் கட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். படம் பார்த்துக் கலங்கிய நாம் யார் என்பதைப் படமே காட்டிவிடுகிறது. சாவு வீட்டுச் சபதம் மறுநாள் காலை வரைதான். உங்கள் உளைச்சல் வாரக்கணக்கில் நிற்கிறது என்றால் அது அதைவிடப் பெரியது, அதை மதியுங்கள். ஆனால் அதை ராஜினாமா கடிதமாக எழுதுவதற்கு முன், இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து எடுக்கக்கூடிய மனு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவுமே இல்லாத வேலைகளும் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்டதா என்பதை வெளியிலிருந்து நான் சொல்ல முடியாது.

அப்படியும் இங்கே வருவதென்றால் சீசனில் வந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில். நவம்பரில் வந்து ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அந்த மாதத்தில் இங்கே இருந்தவர்கள் யாரும் சரிவில் வீடு கட்டுவதைப் பற்றிச் சும்மா பேசமாட்டார்கள். ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி என்றால் என்ன, எந்தெந்த ஊர்கள் அதற்குள் வருகின்றன என்று பத்திரம் எழுதும் முன் விசாரியுங்கள். துணி காய மூன்று நாள் ஆகும், தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும், பஸ் கடைசி வண்டி போய்விட்டால் போய்விட்டதுதான். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு சந்தோஷமாக இருப்பவர்களும் இங்கே உண்டு. அவர்கள் பெரும்பாலும் இங்கே ஒரு வேலையோடு வந்தவர்கள்: வைத்தியர், ஆசிரியர், தேன் வாங்கி விற்பவர், விதை சேகரிப்பவர்.

மனைவியைப் பற்றிக் கேட்டது மிச்சம். ஒருவர் மனதை மாற்றுவதற்கென்று படம் போட்டுக் காட்டினால் அவர் படத்தைப் பார்க்கமாட்டார், உங்கள் நோக்கத்தைத்தான் பார்ப்பார். அவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. ஜியோ பேபி எடுத்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தை நீங்கள் முதலில் தனியாகப் பாருங்கள். 2021இல் வந்தது, பிறகு தமிழிலும் எடுத்தார்கள், ஆனால் மூலத்தையே பாருங்கள். சமையலறை சிங்க் அடியில் பைப் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், கணவன் மறந்துகொண்டே இருக்கிறான். அந்த அழுக்குத் தண்ணீரை அவள் தினமும் பிடித்துப் பிடித்து ஊற்றுகிறாள். இதை ஒரு எஸ்டேட் மகளிர் குழுவுக்குப் போட்டபோது, சாப்பிட்டு மேசையிலேயே எச்சிலைத் துப்பிவைக்கும் காட்சியில் பெண்கள் சிரித்தார்கள், பைப் காட்சியில் அமைதியானார்கள். காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்ச் சாயங்காலம் திரும்பி அடுப்பைப் பார்க்கிறவர்கள். ஒரு அக்கா சொன்னார்: "எங்க வீட்ல பைப்பு ஒழுகலைங்க. பைப்பே கெடையாது. தண்ணிய நாந்தான் தூக்கறேன்."

நீங்கள் சொல்லும் எளிமையான வாழ்க்கையில் தண்ணீரை யார் தூக்குவது, விறகோ சிலிண்டரோ தீர்ந்தால் யார் போவது, உடம்பு சரியில்லாத அன்று யார் சமைப்பது என்று உங்கள் மனைவி ஏற்கெனவே யோசித்து முடித்திருக்கலாம். அப்படியானால் உங்கள் வாழ்க்கையைக் கேள்வி கேட்பதில் அவர் உங்களைவிட முன்னால் இருக்கிறார். அவரிடம் எதையும் காட்டுவதற்கு முன், அவரை இப்படிப் பல நாள் விடாமல் தொந்தரவு செய்த படம் எது என்று கேளுங்கள். அது சீரியலாக இருக்கலாம், நீங்கள் பாதியில் எழுந்துபோன ஒரு சாதாரண மசாலாப் படமாகவும் இருக்கலாம். அதை அவரோடு உட்கார்ந்து முழுவதும் பாருங்கள், நடுவில் பேசாமல். கோத்தகிரியைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.